தாலந்துக் குடும்ப ஊழியம்

கண்டக்டர் சிரிச்சதைப் பாத்தீங்கல்ல சார்? "என்ன கிளார்க் சார், சொந்த வண்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல வர்றீங்க?"ன்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு. டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தமா, அடுத்த ஆளைப் பாத்தமான்னு இருக்கணும். வால்பாறையில விஷயம் தெரியாத ஆளே கிடையாது. தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்கறான்.

நீங்க வெளியூர்க்காரர். நாளைக்கு யாராவது ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி நீங்க தப்பா நெனச்சுரக் கூடாது பாருங்க, அதனால நானே சொல்லிடறேன். எனக்கு வண்டி இருக்கு. வெள்ளை ஆம்னி. ரெண்டு பக்கமும் நீல எழுத்துல 'தாலந்துக் குடும்ப ஊழியம், வால்பாறை'ன்னு எழுதியிருக்கும். கீழ சின்னதா 'சாந்தசீலன் குடும்பத்தார்'னு. சாந்தசீலன் நான்தான். அந்த வண்டி இந்நேரம் பொள்ளாச்சியில நிக்கும். என் சம்சாரம் கனகம் விடியறப்பவே நாலு பேரை ஏத்திக்கிட்டு எறங்கிட்டா. ரெண்டு பேருக்கு டயாலிசிஸ். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, அதுக்குத் தொணைக்கு ஒருத்தி. எனக்கு உக்கார எடமில்ல. என் வண்டியில எனக்கே எடமில்ல சார்!

கம்பியைப் பிடிச்சுக்குங்க. கவர்க்கல் தாண்டிட்டா வளைவு ஆரம்பிச்சுரும்.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, போன வருஷம் மே மாசக் கடைசியில. எங்க சபையில கன்வென்ஷன். கோயமுத்தூர்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். "ஒவ்வொரு குடும்பத்துக்கும் கர்த்தர் ஒரு தாலந்து, ஒரு திறமை குடுத்திருக்கார், உங்க வீட்டுல அது எந்த மூலையில கெடக்குதுன்னு தேடிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டார். எஜமான் குடுத்த பணத்தை மண்ணுல தோண்டிப் புதைச்சானே ஒரு வேலைக்காரன், அவன் கதையை எடுத்து விட்டார். சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான். ஆனா அன்னைக்கு, கதையை முடிக்கறப்ப, "அந்த மனுஷன் இங்கயும் உக்காந்திருக்கான்"னு சொல்லிட்டு விரலை நீட்டினார். நேரா என்னைப் பாத்து. எனக்குப் பின்னாடி தூண். தூணைப் பாத்தா நீட்டுவார்?

அன்னையில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல சார். எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க்கு நான். வயசு அம்பத்தஞ்சைத் தொடப் போகுது. இத்தனை வருஷமா என்ன பண்ணியிருக்கேன்? இன்னைக்கு எத்தனை கிலோ பச்சை இலை வந்துச்சு, யாரு வேலைக்கு வரல, இதைத்தான் எழுதியிருக்கேன். மேல போய் நிக்கறப்ப ஆண்டவர் கணக்குக் கேட்டார்னா எதைக் காட்டறது? பச்சை இலைக் கணக்கையா காட்டறது? சாப்பாடு எறங்கல. ஆபீஸ்ல உக்காந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா நடக்கத் தோணுது. மேனேஜர்கூட, "என்ன சாந்தசீலன், நாற்காலியில மூட்டைப்பூச்சியா?"ன்னு கேட்டார்.

அப்புறம் ஒருநாள் குடும்ப ஜெபம் முடிஞ்சு சாப்பிட உக்காந்தப்ப சொல்லிட்டேன். "நம்ம குடும்பத்தோட தாலந்து பாட்டு. இனிமே எஸ்டேட் எஸ்டேட்டாப் போய்ப் பாடப் போறோம்."

என் மக பெனிட்டா சாதத்துல வெச்ச கையை எடுக்காமலே பாத்தா. அவ எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்துல வேலை பாக்கறா. "எனக்குப் பாட்டு வராதுப்பா"ன்னா.

"வராதுன்னு சொல்றது தாழ்மை இல்லம்மா. அதுக்குப் பேருதான் புதைக்கறது. நீ ரெண்டாவது கொரல்."

பையன் ஜோயல் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வீட்டுல இருந்தான். எட்டாவது படிக்கறப்ப ஒரு லீவுக்குக் கீபோர்டு கிளாஸ் அனுப்பியிருந்தேன். "நீ கீபோர்டு"ன்னேன். "அப்பா, எனக்கு அதுல ஒரே ஒரு பாட்டுதான் தெரியும்"னான். "அதையே வேகமாவும் வாசி, மெதுவாவும் வாசி"ன்னு சொல்லிட்டேன். தலைமை தாங்கற ஆளு இதையெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கணும்.

கனகம் ரசத்தை ஊத்திக்கிட்டே, "நான் என்ன பண்ணட்டும்?"னு கேட்டா.

"நீ ஜெபத்துல தாங்கு. அப்புறம் பிளாஸ்க்குல சுடுதண்ணி. எனக்குத் தொண்டை காயும்."

"சரிங்க"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், எதுக்கும் எதிர்ப் பேச்சு கிடையாது.

பழைய ஆம்னி ஒண்ணு வந்துச்சு, வாங்குனேன். சூசைன்னு ஒரு டிரைவர். மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்குனேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா கெளம்பிருவோம். ஒவ்வொரு எஸ்டேட்டுலயும் சின்னச் சின்னக் கோயில் இருக்குல்ல சார், அங்கதான். நான் பெருமைக்குச் சொல்லல, நான் பாட ஆரம்பிச்சா ஜனங்க அப்படியே கண்ணை மூடிக்குவாங்க. சில பேரு தலையைக் குனிஞ்சுக்குவாங்க. ஒரு தடவை ஒரு பாட்டியம்மா ரெண்டாவது சரணத்துலயே எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, அடக்க முடியல போல. என் பிள்ளைங்கதான் ஒத்துழைக்கல. பெனிட்டாவுக்கு ஞாயித்துக்கிழமை ஆனா தொண்டை கட்டிக்கும். திங்கக்கிழமை சரியாயிரும். ஜோயல் கீபோர்டு சத்தத்தை ஏத்திக்கிட்டே போவான். "ஏண்டா இவ்வளவு சத்தம்? என் கொரல் எனக்கே கேக்கலையே"ன்னா, "இந்த லைன்ல கரண்டு அப்படித்தாம்பா வருது"ன்னுருவான்.

இப்படிப் போய்க்கிட்டிருந்துச்சு. ஜூலை மாசம், நல்ல மழை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல புரோகிராம். சூசை எங்களை எறக்கி விட்டுட்டு, சொந்தக்காரங்க வீடு இருக்குன்னு போயிட்டான். பிளாஸ்க் எடுக்கணும்னு சாவியைக் கனகம் வாங்கி வெச்சிருந்தா. நான் பாடும்போது கண்ணை மூடிக்குவேன் சார், அப்பத்தான் ஒரு இது வரும். மூணாவது சரணத்துல இருந்தேன். கீபோர்டு நின்னு போச்சு. கரண்டு போயிருச்சு போலன்னு நான் நிறுத்தல. முடிச்சுட்டுக் கண்ணைத் தொறந்தா, கோயில்ல ஆளே இல்ல. மணி அடிக்கற பெரியவர் மட்டும் வாசல்ல நிக்கறார்.

"எங்கங்கய்யா எல்லாரும்?"

"தங்கவேலுவைக் காட்டுமாடு முட்டிருச்சுங்க. விறகுக்குப் போனவன். தொடை கிழிஞ்சு தொங்குது. எஸ்டேட் ஆம்புலன்சு வேற கேசுக்குக் கீழ போயிருக்கு. அதான் உங்க வண்டியில ஏத்திட்டாங்க."

"டிரைவர் இல்லையே. யாரு ஓட்டிக்கிட்டுப் போனது?"

"உங்க வீட்டம்மாதானுங்க."

நான் சிரிச்சுட்டேன் சார். பெரியவருக்குக் காதும் சரியில்ல, கண்ணும் சரியில்லன்னு நெனச்சேன். வெளிய வந்தா வண்டி நின்ன எடத்துல சக்கரத் தடம்தான் இருக்கு. ஜோயல் மழையில நின்னுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கான். முகமெல்லாம் வெளிச்சம். "அப்பா! அம்மா ரிவர்ஸ் எடுத்ததைப் பாத்திங்களா? இந்தச் சரிவுல, இந்தச் சேத்துல, ஒரே தடவையில திருப்பிட்டாங்கப்பா! கல்லு வெச்சு அண்டை குடுக்கக்கூட விடல!"

நான் எங்க பாத்தேன், நான் மூணாவது சரணத்துல இருந்தேன்.

பெனிட்டா துப்பட்டாவால அந்த ஆளோட தொடையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வண்டியிலயே போயிருக்கா. மிச்சம் நானும் ஜோயலும் ஸ்பீக்கரும். கீபோர்டுக்கு மேல யூரியா சாக்கைப் போட்டுத் தலையில வெச்சுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்தேன் சார். ஒரு ஊழியக்காரன் வர்ற கோலமா அது?

மறுநாள் மத்தியானம்தான் கனகம் வந்தா. வண்டி பூராவும் டெட்டால் வாசனை. உள்ள கழுவி விட்டிருந்தா. சட்டியில தண்ணி வெச்சா. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு நானே கேட்டேன்.

"எங்க கத்துக்கிட்ட?"

"போடியில. எங்கப்பா ஏலக்கா ஜீப்புல. உங்களுக்குத் தெரியும்தானுங்க."

தெரியும். பொண்ணு பாக்கப் போனப்பவே அவங்கப்பா பெருமையாச் சொன்னார், மேட்டுல எம்மக ஓட்டுனா வண்டி குலுங்காதுன்னு. எங்கம்மா அங்கயே சொல்லிட்டாங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்க வண்டி ஓட்டற வழக்கமில்லன்னு.

"அத்தை சொன்னாங்க. அதான் ஓட்டல"ன்னா கனகம். அப்புறம், "அந்த ஆளு பொழைச்சுக்கிட்டாரு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரத்தமே இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு"ன்னா.

"பாட்டு நடந்துக்கிட்டிருந்துச்சு கனகம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க ஜெபம் பண்ணி அனுப்புவீங்க. அதுக்கு நேரமில்லைங்க."

இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. அப்புறம்தான் தெரியுது, லைசென்ஸ்கூட வெச்சிருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. காலாவதி ஆக விடாம, போடிக்குப் போறப்பல்லாம் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு, பீரோவுல சேலைக்கு அடியில மடிச்சுப் புதைச்சு வெச்சிருக்கா. இத்தனை வருஷமா. எதுக்கு சார்? ஓட்டாதவளுக்கு எதுக்கு லைசென்ஸ்? எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் புரியல.

அதுக்கப்புறம் போன் வர ஆரம்பிச்சுது. எனக்கில்ல, அவளுக்கு. "கனகக்கா, மாமனாருக்கு நெஞ்சு வலி." "கனகக்கா, புள்ளைக்கு வலிப்பு." மழைக்காலத்துல இந்த மலையில ஆம்புலன்சு ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் ஆளிருக்காது. சூசை திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். வேற டிரைவரும் அமையல. அதனால புரோகிராமுக்கும் அவதான் ஓட்டணும், ஆஸ்பத்திரிக்கும் அவதான் ஓட்டணும். ரெண்டுல எதை விட்டாங்கறீங்க? புரோகிராமைத்தான்.

சரி, அவ போகட்டும். பிள்ளைங்களாவது என்கூட இருக்கலாம்ல? இப்பல்லாம் எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கறது யாரு? ஜார்கண்டு, அஸ்ஸாம் ஆளுங்க. அவங்களுக்குத் தமிழ் வராது. டாக்டருக்கு அவங்க பேச்சு வராது. பெனிட்டா காப்பகத்துல அவங்க பிள்ளைங்களோட பழகிப் பழகி இந்தி பேசுவா. எந்த எடத்துல வலிக்குது, எப்ப இருந்து வலிக்குது, எல்லாம் கேட்டுச் சொல்லுவா. அதனால அவளும் வண்டியில ஏறிட்டா. ஞாயித்துக்கிழமை கட்டுன தொண்டை ஆஸ்பத்திரியில கட்டறதே இல்ல சார். ஜோயலைக் கேக்கவே வேண்டாம். அம்மா வண்டி மலை எறங்கி ஏறுதே, பிரேக்கு தேய்ஞ்சிருக்கான்னு கீழ படுத்தான், அவ்வளவுதான், எந்திரிக்கவே இல்ல. எப்பப் பாத்தாலும் வண்டிக்கு அடியில ரெண்டு காலு மட்டும் தெரியும். கீபோர்டை எடுடான்னா, "கையில கிரீஸ்ப்பா"ன்னுருவான்.

ஒருத்திக்கு இந்தி, ஒருத்தனுக்கு ஸ்பேனர். நான் என்ன தாலந்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன், இவங்க என்ன பண்றாங்க பாருங்க.

மனசு கேக்காமச் சபை ஆயர்கிட்டப் போனேன். நம்ம ஆயர் சின்ன வயசுக்காரர், நல்லவர். எல்லாத்தையும் சொன்னேன். குடும்ப ஊழியம் சிதறிப் போச்சுங்க ஐயா, நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்னு கேட்டேன். அவர் சுவத்துக் காலண்டரைப் பாத்தார். அப்புறம், "அண்ணே, கனகக்கா வியாழக்கிழமை சும்மா இருப்பாங்களா? எங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷன்"ன்னார்.

சிரிக்காதீங்க சார்.

நவம்பர்ல எங்க சபையில அறுப்பின் பண்டிகை. காய்கறி, பழம், வாழைத்தார், எஸ்டேட்டு டீத்தூள் எல்லாம் கொண்டுவந்து ஆல்டர் பீடத்துக்கு முன்னால படைப்போம். கோயில் நெறஞ்சு வழியும். இந்தத் தடவை நானே ஒரு பாட்டு எழுதியிருந்தேன். ராகமும் நானே போட்டது. ஒரு மாசமாக் குளிக்கறப்ப, நடக்கறப்ப எல்லாம் அதேதான். பிள்ளைங்ககிட்டக் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு நாள் மட்டும்னு சம்மதிக்க வெச்சேன். கனகமும் வந்து முன் பெஞ்சுல உக்காந்தா. பாருங்க, அன்னைக்கு எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. குடும்பமா நிக்கறோம்ல? அதுதானே நான் கேட்டது?

முதல் சரணம் முடியல. கனகத்தோட மடியில போன் மின்னுச்சு. எடுத்தா, கேட்டா, எந்திரிச்சா. பெனிட்டாவைப் பாத்தா, அவ்வளவுதான். பெனிட்டா மைக்கை என் கையில குடுத்துட்டு, "அப்பா, புத்னிப்பா. ரத்தம் போகுதாம்"னு சொல்லிட்டு எறங்கிட்டா. புத்னி ஜார்கண்டுப் பொண்ணு, தலைப்பிரசவம், நெறமாசம், காப்பகத்துக்கு எதிர்ல தொழிலாளர் லைன் வீடு. ஜோயல் கீபோர்டை அணைச்சுட்டு வண்டியைத் தொறந்து விட ஓடிட்டான்.

நான் நின்னுக்கிட்டிருந்தேன். சபை பூராவும் என்னைப் பாக்குது. நிறுத்தக் கூடாதுன்னு ரெண்டாவது சரணத்தை எடுத்தேன்.

கீபோர்டு இல்ல. பெனிட்டா இல்ல. கோயில் அமைதியா இருக்கு. ஸ்பீக்கர்ல இருந்து ஒரு சத்தம் வருது.

அன்னைக்கு மைக் சரியில்ல சார்.

ஒரு வரி பாடுனேன். இன்னொரு வரி பாடுனேன். மைக்கைத் தட்டிப் பாத்தேன். இன்னொரு வரி. முன்னாடி உக்காந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிச்சு, அதோட அம்மா அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ எறக்கி விட்டாங்க. எறக்கி விட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான். மன்னிக்கற மாதிரி. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடியும் பாத்திருக்கேன், எல்லா எஸ்டேட்டுலயும் பாத்திருக்கேன்.

மைக்கைப் படைச்சு வெச்ச பூசணிக்காய்ப் பக்கத்துல வெச்சுட்டு எறங்கி நடந்துட்டேன். எங்க போறேன்னு எனக்கே தெரியல. வெளிய வந்தா, ஜோயல் கீழ நிக்கறான், வண்டி கெளம்பப் போகுது. கதவைத் தொறந்து ஏறிட்டேன். கனகம் திரும்பிப் பாத்தா, ஏன்னு கேக்கல.

புத்னியை ஏத்துனோம். இருபது வயசு இருக்கும், அவ்வளவுதான். அவ புருஷன் பிள்ளையைப் பெத்தெடுக்கறவன் மாதிரி நடுங்கறான். அவனை முன்னாடி உக்கார வெச்சாச்சு. பின்னாடி அவ தலை பெனிட்டா மடியில. நான் தரையில மண்டி போட்டு உக்காந்திருக்கேன். என் கையை அவ பிடிச்சுக்கிட்டா. யாரு கைன்னு தெரிஞ்சு பிடிக்கல, கெடைச்ச கையைப் பிடிச்சா. பிடின்னா சாதாரணப் பிடி இல்ல, ஒரு வாரம் கன்னிப் போயிருந்துச்சு.

எனக்கு என்ன தெரியும்? ஒரு ஆறுதலுக்குப் பாடலாம்னு வாயைத் தொறந்தேன். ரெண்டு வார்த்தை வந்திருக்கும். அவ தலையை ஆட்டி என்னமோ சொன்னா.

பெனிட்டா என்னைப் பாக்காமச் சொன்னா: "அப்பா, பாட வேண்டாமாம். பேசச் சொல்லுது."

சாகக் கெடக்கற பொண்ணு சார். வேற மாநிலம், வேற பாஷை. அவளுக்கும் கேட்டுருச்சு.

சரின்னு பேசுனேன். என்ன பேசுனேன்? இந்த மலைக்கு நான் மொத மொதல்ல வந்தன்னைக்கு ஆபீஸ் படிக்கட்டுல சிறுத்தை படுத்திருந்துச்சு, அதை நாய்னு நெனச்சு 'ச்சூ'ன்னு விரட்டுனேன், அதைச் சொன்னேன். எங்கம்மா எங்க சொந்த ஊரு நாசரேத்துல ஒத்தைச் செருப்போட பண்டிகைக்குப் போனதைச் சொன்னேன். பெனிட்டா அதையெல்லாம் இந்தியில சொல்லிக்கிட்டே வந்தா. வளைவு வருது, வளைவு வருது, வண்டி குலுங்கவே இல்ல. எங்க மாமனார் சொன்னது பொய்யில்ல. கண்ணாடியில கனகத்தோட கண்ணு மட்டும் தெரியுது. ஒரு எடத்துல ரோட்டுல வரையாடு நிக்குது, ஹாரன் அடிக்காமக் காத்திருந்து, அது ஒதுங்குனதும் எடுத்தா.

பேச்சு நின்னா அந்தப் பொண்ணு கையை அழுத்தும். "ஃபிர்?"ங்கும். "அப்புறம்னு கேக்குதுப்பா"ன்னு பெனிட்டா சொல்லுவா. அப்புறம், அப்புறம்னு நான் எங்க போறது? எனக்கு அவ்வளவு கதை கெடையாது. கதை எல்லாம் தீந்து போச்சு. கடைசியில என்ன பேசறோம்னே தெரியாமப் பேச ஆரம்பிச்சேன்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா. இத்தனை வருஷம் இருந்துட்டேன். ஆண்டவர் கேட்டா காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. வீட்டுல எல்லாருக்கும் இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. பாட்டுன்னு நெனச்சேன், அதுவும் இல்ல."

பெனிட்டா அதை மட்டும் மொழிபெயர்க்கல. கண்ணாடியில கனகத்தோட கண்ணு ரோட்டை விட்டு ஒரு நொடி என்கிட்ட வந்துட்டுத் திரும்பிருச்சு.

புத்னி கையை அழுத்துனா. "ஃபிர்?"னா.

நான் பேசுனேன் சார். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி வரைக்கும் பேசுனேன். ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனப்பகூட என் கையை விடல, நர்சு வந்துதான் பிரிச்சு விட்டாங்க. பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேருமே பொழைச்சுக்கிட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்ததும் அவ ஒரு வார்த்தை கேட்டாளாம், பெனிட்டா சொன்னா. புருஷனைக் கேக்கல, பிள்ளையைக் கேக்கல. "அந்தச் சிறுத்தை அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டாளாம்.

அதுக்கப்புறம் நான் பாடல. மைக் ரிப்பேர்ல இருக்கு. ஜோயலுக்கு அதைப் பாக்க எங்க நேரம்? தை பொறந்ததும் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன், தையும் போயிருச்சு. இப்ப என்னன்னா, புத்னி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா போல, வண்டியில ஏறுற நோயாளிங்க, "அந்தப் பேசற அய்யா வரலையா?"ன்னு கேக்கறாங்களாம். பேசற அய்யா! ஊழியக்காரர்னு சொல்லல, பாடகர்னு சொல்லல. பேசறது ஒரு தாலந்தா சார்? வாயிருக்கற எல்லாரும்தான் பேசறாங்க. நான் கனகத்துகிட்டக் கேட்டேன். அவ பருப்புக் கடைஞ்சுக்கிட்டே, "எல்லாரும்தான் வண்டி ஓட்டறாங்க"ன்னா. அதுக்கும் எனக்கு அர்த்தம் புரியல.

இன்னைக்கு லீவு போட்டுட்டு எதுக்கு எறங்கறேன்னு கேக்கறீங்களா? அதான் சார் எனக்கு நேத்துல இருந்து மனசு அலையுது. மாசாணம்னு ஒருத்தர், எங்க எஸ்டேட்டுல வாட்ச்மேனா இருந்தவர். சர்க்கரையில காலை எடுத்துட்டாங்க, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில இருக்கார். வீட்டம்மா இல்ல. மகன் வரலைன்னுட்டான். ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்லாம, சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக் கெடக்கறாராம். யாரு கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. கனகம் நேத்து அங்க இருந்து போன்ல சொன்னா, "ஏங்க, நீங்க வந்து கொஞ்சம் பேசிக்கிட்டிருங்க. எதையாவது பேசுங்க போதும்."

எதையாவது! எதையாவதுன்னா எதை? பாட்டுக்கு மேடை ஏறறப்ப எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்ல சார். எத்தனை பேரு இருந்தாலும் சரி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவேன். இதுக்குப் போறப்ப மட்டும் எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. காலைப் பத்திப் பேசறதா? பேசாம இருக்கறதா? மகனைப் பத்தி எடுத்தா அழுதுருவாரோ? ஜெபம் பண்ணலாம்னா, அவரு மாசாணியம்மன் கோயிலுக்குப் போறவரு, அதுவும் சரியா வருமான்னு தெரியல. சிறுத்தைக் கதை அவருக்குத் தெரியும், அன்னைக்கு ஆபீஸ் கேட்டுல காவலுக்கு நின்னதே அவருதான்.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சு. கொஞ்சம் வழி விடுங்க சார், நான் எறங்கணும். இருங்க, கண்டக்டர், ஒரு நிமிஷம், எறங்கறேன் எறங்கறேன்.

சார், படிச்சவர் மாதிரி தெரியறீங்க, நீங்களாவது சொல்லுங்க. அவரு சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கார். நான் உள்ள போறேன். பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரறேன். மொத வார்த்தை என்ன சொல்லட்டும்?